பதிவேட்டில் இல்லாத கைகள்

கடந்த 2025-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், தியாகி சுப்பிரமணிய சிவா நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் இறந்து நூறு ஆண்டுகள் நிறைவடைந்தன. மணிமண்டபத்தில் மாலைகள் விழுந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. அதற்கு ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆனால் சேர்த்துப் பார்க்க நியாயம் இருக்கிறது. சிவாவைச் சிறைக்கு அனுப்பிய நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் இருந்ததும் ஒரு வேலைநிறுத்தம்தான்.

தொழிலாளர்கள் வேலையை நிறுத்தும்போது ஒரு நகரத்தின் ஆட்சி என்ன செய்கிறது? அது செய்ததைப் பின்னாளில் நாம் எதைக் கொண்டு தெரிந்துகொள்கிறோம்? எந்தத் தாளில் அது எழுதப்படுகிறது? யாருடைய கையால்? இந்தக் கேள்விகளை இன்று சற்றுச் சிந்திப்பது, தர்மபுரியில் குப்பை வண்டியின் மணியோசை கேட்டு வாளியோடு வாசலுக்கு வரும் நமக்கும் பயனுள்ளதாக இருக்கும்.

1908: ஆலையிலிருந்து தெருவுக்கு

1908 பிப்ரவரி 27-ஆம் நாள், தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தார் நடத்திய கோரல் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, ஓய்வு நாள் இல்லாமை என்பவை அவர்களுடைய குறைகள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

தொழிலாளர் பக்கம் இது ஒரு வெற்றி. அரசாங்கத்தின் பக்கமோ இது சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே எழுதப்பட்டது. மார்ச் 12-ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தீக்கிரையாயின. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊர் மக்கள் மீதே வரியாகச் சுமத்தப்பட்டது. சிவாவுக்கு முதலில் பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. சிறையிலிருந்து 1912-ல் தொழுநோயோடு வெளியே வந்தார். தொடர்வண்டியில் ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்டு, ஊர் ஊராக நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்ற அந்த மனிதர் கடைசியில் நம் பாப்பாரப்பட்டியில்தான் நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார்.

இந்த வரலாறு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு நகராட்சி அலுவலகம் எரியும்போது அதனுள் இருக்கும் தாள்கள் தப்புவது அரிது. எஞ்சியவை மாவட்ட ஆட்சியரும் உதவி ஆட்சியரும் எழுதிய அறிக்கைகள், மேலிடத்துக்குப் போன தந்திகள், நீதிமன்ற ஆவணங்கள், அந்நாளைய செய்தித்தாள்கள். ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அத்தகைய சான்றுகளைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்து எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தலைவர்களின் பேச்சை அரசாங்கமே எழுதி வைத்தது, அதை வைத்து வழக்குத் தொடுப்பதற்காக. ஆனால் தெருவில் நின்றவர்களையும் இறந்தவர்களையும் அடையாளம் காண ஓர் ஆய்வாளர் நூறு ஆண்டுகளுக்குப் பின் வர வேண்டியிருந்தது. பதிவேடு எப்போதும் எழுதுபவனின் தேவைக்காக எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1792-ல் பாராமகால் பகுதி கும்பினியாரின் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து எழுதினார்கள். அந்தத் தாள்கள் பின்னாளில் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் பல தொகுதிகளாக அச்சாயின. எந்த நிலம், என்ன விளைச்சல், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் மிகத் துல்லியம். ஏனெனில் வசூலிக்க வேண்டியது அதுதான். வசூலிக்க வேண்டியதை எழுதுவதில் எந்த ஆட்சியும் சோம்பல் காட்டுவதில்லை. கொடுக்க வேண்டியதை எழுதும்போதுதான் மை வற்றிப்போகிறது.

வேலையை விடுவதே குற்றமான காலம்

ஆலைத் தொழிலாளியின் வேலைநிறுத்தத்துக்கும் நகரத்தைத் துப்புரவு செய்பவரின் வேலைநிறுத்தத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை நின்றால் முதலாளிக்கு நட்டம். துடைப்பம் நின்றால் ஊரே நாறும். ஆகவேதான் நகர ஆட்சிகள் தொடக்கம் முதலே இவர்களுடைய வேலைநிறுத்தத்தைத் தனியாகப் பார்த்தன.

1889-ல் பம்பாயில் மலம் அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டே, 1890-ல், பம்பாய் நகராட்சி ஊழியர் சட்டம் வந்தது. முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து விலகுவதே தண்டனைக்குரிய குற்றம் என்று அது சொன்னது. மற்ற வேலைக்காரர் வேலையை விட்டால் அது ஒப்பந்த மீறல். இவர் விட்டால் சிறை. டாக்டர் அம்பேத்கர் 1930-களில் பம்பாயில் நகராட்சித் தொழிலாளருக்குச் சங்கம் கண்டதும், வேலைநிறுத்தத்துக்குத் தண்டனை விதித்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7-ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதும் இந்தப் பின்னணியில்தான். விருப்பமில்லாத வேலையைச் சிறைக்கு அஞ்சிச் செய்ய வைப்பது அடிமைத்தனத்தின் மறுபெயர் என்பதே அவருடைய வாதம்.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1957 ஜூலை இறுதியில் தலைநகர் தில்லியில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை 31-ஆம் நாள் அவர்களுடைய குடியிருப்பிலேயே காவல்துறை சுட்டது. பூப் சிங் என்ற இளைஞர் இறந்தார். அந்த நாளை வட இந்தியத் தூய்மைப் பணியாளர்கள் இன்றும் தங்கள் நாளாக நினைவுகூர்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தமிழகத்தில் 2003 ஜூலையை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எஸ்மா, டெஸ்மா என்ற சொற்கள் டீக்கடை வரை பழக்கமாயின. ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிட்டு மீண்டும் பணியில் சேர்ந்தார்கள். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாற்காலி இருந்தது. அவர்கள் பெயரில் ஒரு பணிப்பதிவேடு இருந்தது. வேலைநீக்கம் செய்வதற்கே ஒரு கோப்பு எண் தேவைப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளியை நீக்க இவை ஒன்றும் தேவையில்லை. மறுநாள் காலை வருகைப் பட்டியலில் பெயர் இராது, அவ்வளவுதான்.

மெம்பிஸ் நகரத்தின் தாள்கள்

வேலைநிறுத்தத்தின்போது ஒரு நகர ஆட்சி எப்படி நடந்துகொண்டது என்பதற்கு உலகிலேயே மிக விரிவான சான்றுகள் உள்ள இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்பிஸ் நகரம். 1968 பிப்ரவரி 1-ஆம் நாள் நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பகுதியில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று இயங்கியதால் உடல் நசுங்கி இறந்தார்கள். மணிக்கூலி ஆட்கள் என்பதால் அவர்களுக்கு விபத்து இழப்பீடு இல்லை. குடும்பங்களுக்கு 500 டாலரும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்து நகராட்சி கணக்கை முடித்தது. அதற்குச் சற்று முன், மழையைக் காரணம் காட்டிக் கறுப்பினத் தொழிலாளர்களை இரண்டு மணிநேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், வெள்ளையர்களுக்கு முழுக்கூலி.

பிப்ரவரி 12-ஆம் நாள் சுமார் 1,300 பேர் வேலைக்கு வரவில்லை. நகரத்தந்தை ஹென்றி லோப் கூறியது ஒன்றுதான்: அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம், ஆகவே பேச்சு இல்லை. மாற்று ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்டது. ஊர்வலத்தின் மீது கண் எரிச்சல் மருந்து தெளிக்கப்பட்டது. 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொழிலாளர்கள் நடந்தார்கள். இந்தப் போராட்டத்துக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் போதகர், 1950-களில் நம் நாட்டு நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக் காந்தியடிகளின் சத்தியாகிரக முறையைக் கற்றவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் அழைத்ததால்தான் மார்ட்டின் லூதர் கிங் அங்கு வந்தார். ஏப்ரல் 4-ஆம் நாள் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் நடுவண் அரசு தலையிட்டது. ஏப்ரல் 16-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் ஏற்கப்பட்டது, மணிக்கு 15 சென்ட் கூலி உயர்வு இரண்டு தவணையாகக் கிடைத்தது. அந்தச் சிறு உயர்வுக்கும் நகராட்சியிடம் பணம் இல்லை என்று சொல்லப்பட்டபோது, ஏப் பிளவ் என்ற தொழிலதிபர் 60 ஆயிரம் டாலர் கொடுத்தார். முதல் வாரத்திலேயே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு எவ்வளவு பெரிய விலை!

இனி ஆவணங்களுக்கு வருவோம். வேலைநிறுத்தம் முடிந்த சூட்டோடு மெம்பிஸ் குடிமக்கள் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். துண்டறிக்கைகள், தொலைக்காட்சிப் படச்சுருள்கள், தொழிலாளர்களின் வாய்மொழிச் செவ்விகள் ஆகியவற்றைச் சேகரித்து உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். நகரத்தந்தையின் கோப்புகள் நகர நூலகத்துக்கு வந்தன. இரு தரப்பையும் இன்று ஒப்பிட்டுப் படிக்க முடிகிறது. ஆனால் இதே நகரத்தில் 1976-ல் வேறொன்றும் நடந்தது. காவல்துறை குடிமக்களை வேவு பார்த்துத் தொகுத்திருந்த கோப்புகளைக் குடியுரிமை அமைப்பு ஒன்று கேட்டபோது, அப்போதைய நகரத்தந்தையின் உத்தரவின்பேரில் அவை எரிக்கப்பட்டன. வழக்கு நடந்தது. அரசியல் நோக்கில் வேவு பார்ப்பதில்லை என்று 1978-ல் நகர ஆட்சி நீதிமன்றத்தில் உடன்பட வேண்டியதாயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. 1968-க்குப் பிறகு அந்தத் தொழிலாளர்கள் நகராட்சியின் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரவில்லை. முதுமையிலும் குப்பை லாரியில் தொங்கியவர்கள் இருந்தார்கள். 2017-ல், நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், உயிரோடிருந்த பழைய போராட்டக்காரர்களுக்கு நகராட்சி தலைக்கு 50 ஆயிரம் டாலர் அறிவித்து, பிறகு அதை 70 ஆயிரமாக உயர்த்தியது. அவர்களுடைய போராட்டம் எழுத்தில் காக்கப்பட்டிருந்தது. அதனால் அந்தக் கடனை நகரம் மறக்க முடியவில்லை.

ரிப்பன் மாளிகையின் பதின்மூன்று நாள்கள்

இப்போது நம் தலைநகருக்குத் திரும்புவோம். சென்னையில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்கு விடுவது 2000-ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு தொடங்கியது. மண்டலம் மண்டலமாக அது விரிந்தது. 2025-ல் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்தாம் ஆறாம் மண்டலங்களின் முறை வந்தது. அங்கு மாநகராட்சியின்கீழ் தற்காலிகமாகப் பல ஆண்டுகள் வேலை செய்து வந்த சுமார் 2 ஆயிரம் பேர் தனியார் நிறுவனத்துக்கு மாறச் சொல்லப்பட்டார்கள். மாதம் ஏறத்தாழ 23 ஆயிரம் ரூபாயாக இருந்த ஊதியம் 17 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பது அவர்களின் அச்சம். நிரந்தரம் ஆக்குங்கள் என்று கேட்டு நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே தங்களைக் கைமாற்றுவது முறையா என்பது அவர்களின் கேள்வி.

மாநகராட்சியின் தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். யாருக்கும் வேலை போகாது, வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., விடுப்பு ஆகியவை ஒழுங்காகக் கிடைக்கும், மற்ற மண்டலங்களில் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அமைச்சர்களும் மேயரும் பேச்சு நடத்தினார்கள். பலமுறை பேசியும் பயனில்லை. ஆகஸ்ட் 13-ஆம் நாள், நடைபாதையை மறித்துப் போராட அனுமதியில்லை என்ற பொதுநல வழக்கில் உயர் நீதிமன்றம் அவர்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே காவல்துறை அவர்களைப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள், 14-ஆம் தேதி, அமைச்சரவை கூடி தூய்மைப் பணியாளர்களுக்கு ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, சுயதொழில் கடன், வீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவி.

இவை நல்ல திட்டங்கள் என்பதில் ஐயமில்லை. அதிகாலை நான்கு மணிக்கு வெறும் வயிற்றோடு வீட்டைவிட்டு வருபவர்களுக்குச் சூடான உணவு சிறிய காரியமன்று. ஆனால் அவர்கள் கேட்டதும் கொடுக்கப்பட்டதும் ஒன்றல்ல. எங்கள் முதலாளி யார் என்று கேட்டார்கள். சாப்பிட்டீர்களா என்ற பதில் வந்தது. முன்னது உரிமை, பின்னது பரிவு. நலத்திட்டம் மாறலாம், நின்றும் போகலாம். பணிப்பதிவேட்டில் ஏறிய பெயரை அவ்வளவு எளிதில் அடிக்க முடியாது.

1890, 1968, 2025 ஆகியவற்றை வரிசையாக வைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று சொல்லப்படுகிறது. பிறகு பொதுமக்களின் இடையூறு முன்னிறுத்தப்படுகிறது. நீதிமன்றமும் காவல்துறையும் வருகின்றன. எல்லாம் அடங்கியபின் ஒரு சலுகை அறிவிக்கப்படுகிறது. தொழிலாளி கேட்டதைத் தொழிலாளியோடு எழுதிக் கையொப்பமிடுவது மட்டும் கடைசி வரை தள்ளிப்போடப்படுகிறது.

பொதுமக்களின் இடையூறு பொய்யான காரணம் என்று நாம் சொல்லவில்லை. குப்பை தேங்கினால் முதலில் நோய் வருவது குடிசைப் பகுதிகளுக்குத்தான். திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1981-ல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலிலும் வேலைநிறுத்தம் நேரிய வழிமுறை என்று ஏற்கப்பட்டாலும், சமூகத்துக்கு இன்றியமையாத பணிகள் தடைபடாதிருக்க வழி காண வேண்டும் என்றும் வலியுறுத்தப்படுகிறது. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பணி நிறுத்தப்படக் கூடாத அளவுக்கு இன்றியமையாதது என்றால், அதைச் செய்பவர் மட்டும் ஆண்டுதோறும் மாற்றத்தக்க தற்காலிக ஆளாக எப்படி இருக்க முடியும்?

வருகைப் பதிவேடு என்னும் சாட்சி

இங்கேதான் பதிவேடுகள் உயிருள்ள பிரச்சினையாகின்றன. தமிழகத்தில் 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கோரலாம். சென்னைத் தொழிலாளர்கள் சொன்னதும் இந்தச் சட்டத்தைத்தான். சரி, 480 நாள் வேலை செய்ததை எப்படி மெய்ப்பிப்பது? வேலை செய்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியுடையது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் சான்று இருப்பதோ நிர்வாகத்தின் பீரோவில். நியமனக் கடிதம் கொடுக்கப்படாதவரிடம் தாளைக் கொண்டு வா என்றால் அவர் எங்கே போவார்?

இந்த இக்கட்டையும் நீதிமன்றம் உணராமலில்லை. 2005-ல் யெல்லட்டி வழக்கில், தொழிலாளி சாட்சி சொல்லி மஸ்டர் ரோலை வரவழைக்கும்படி கோரலாம், நிர்வாகம் அதை மறைத்தால் அது சூழ்நிலைக்கேற்பக் கருத்தில் கொள்ளப்படும் என்று விளக்கியது. 2025 ஜனவரி 31-ஆம் நாள் காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர் வழக்கில், பல ஆண்டுகள் வேலை வாங்கிக்கொண்டு முன்னறிவிப்பின்றி நீக்கியது தவறு என்று கூறி, அவர்களை மீண்டும் பணியமர்த்தவும் நிலுவை ஊதியத்தில் பாதியை வழங்கவும் ஆணையிட்டது. நேரடியாகத் தன் மேற்பார்வையில் வேலை வாங்கிவிட்டு, ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, அதற்குத் தாள் காட்ட வேண்டும் என்பது அந்த வழக்கு நகராட்சிகளுக்குக் கற்பிக்கும் பாடம்.

நம் அரசு அலுவலகங்களில் கோப்புகளை முடிக்கும்போது அவற்றுக்கு ஓர் ஆயுள் குறிக்கப்படும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். அலுவலகங்களில் பணியாற்றிய வாசகர்களுக்கு இது நன்கு தெரியும். ஒரு நிலப் பட்டாவின் கோப்பு நிரந்தரம். ஒரு தற்காலிகத் துப்புரவுப் பணியாளரின் பத்தாண்டு உழைப்பைக் காட்டும் வருகைப் பட்டியலுக்கு எந்த ஆயுள் குறிக்கப்படுகிறது? ஒப்பந்ததாரர் மாறும்போது அந்தப் பட்டியல் நகராட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறதா, அல்லது ஒப்பந்ததாரரோடு அதுவும் போய்விடுகிறதா? மனிதருக்கு ஓய்வு வயது 60. அவருடைய உழைப்பின் சான்றுக்கு வயது மூன்றே என்றால் அது என்ன நீதி?

இதற்கிடையில் சட்டமும் மாறிவிட்டது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், துப்புரவு போன்ற பொதுப்பயன் பணிகளில் இருப்பவர்கள் மட்டும் முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அந்தக் கட்டாயத்தை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த மற்றொரு தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் துப்புரவும் குப்பை அகற்றுவதும் மையப் பணியாகா, அந்த நிறுவனமே அதற்காக ஏற்பட்டதாக இருந்தாலன்றி, என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. ஒரு நகராட்சி எதற்காக ஏற்பட்டது? குடிநீர், விளக்கு, சாலை, துப்புரவு ஆகியவற்றுக்காகத்தானே! இந்த ஒரு வரிக்கு நீதிமன்றங்கள் நாளை என்ன பொருள் சொல்லப்போகின்றன என்பதில் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் நாம்

தர்மபுரி 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004-ல் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையின்போதும் மேசை நாற்காலிகளோடு கோப்புகளும் இடம் மாறுகின்றன. பழையது சேலத்தில் இருக்கும் என்று இங்கும், உங்கள் ஊருக்கே அனுப்பிவிட்டோம் என்று அங்கும் சொல்லக் கேட்டு அலைந்தவர்கள் நம்மில் உண்டு. நிலம் உள்ளவர்களே இப்படி அலைந்தால், வருகைப் பட்டியலில் பெயர் மட்டுமே உள்ளவர் கதி என்ன?

நம் நகராட்சியிலும், பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் போன்ற பேரூராட்சிகளிலும், ஊராட்சிகளில் தூய்மைக் காவலர் என்ற பெயரிலும் விடியுமுன் வேலைக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டி என்று அழைத்தோம். துப்புரவுப் பணியாளர் என்று மாற்றினோம். 2020-ல் தூய்மைப் பணியாளர் என்று அரசே பெயர் சூட்டியது. கொரோனா நாள்களில் கால் கழுவி மாலையிட்டவர்களும் உண்டு. பெயர் உயர்ந்த அளவுக்கு அவர்கள் பெயரில் உள்ள தாள் உயர்ந்ததா?

இதில் நம்மால் செய்யக்கூடியவை உண்டு. அவற்றுக்குப் பெரிய போராட்டம்கூடத் தேவையில்லை.

1. நகராட்சி மன்றத் தீர்மானங்கள் இரகசிய ஆவணங்கள் அல்ல. உங்கள் வார்டு உறுப்பினரிடம் துப்புரவு ஒப்பந்தம் பற்றிய தீர்மானத்தைக் கேட்டுப் படியுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-லிருந்தே நம் கையில் இருக்கிறது. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, ஆள் எத்தனை, ஒருவருக்கு ஒருநாள் கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விகள் போதும்.

2. பிடித்த வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. தொகையும் உண்மையில் செலுத்தப்பட்டதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்துகொள்ள உதவலாம். கைபேசியில் அதைப் பார்க்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் போதும்.

3. வார்டுக் குழுக்களிலும் பகுதி சபைகளிலும் சாக்கடையையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுகிறோம். வருகைப் பதிவேடுகளை அழிக்காமல் நகராட்சியே காக்க வேண்டும், ஒப்பந்தம் முடியும்போது அவற்றைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேட்டுப் பார்க்கலாமே!

4. ஓய்வு பெற்ற தூய்மைப் பணியாளர்களின் அனுபவங்களை இளைஞர் குழுக்கள் கேட்டு எழுதி வைக்கலாம். மெம்பிஸ் மக்கள் செய்தது அதைத்தான். எந்த ஆண்டில் சேர்ந்தார், எத்தனை ரூபாய் கூலி, எப்போது கையுறை முதன்முதலாகக் கிடைத்தது என்பவை நம் ஊரின் வரலாறே.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-ல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அந்தத் தொகையைப் பெறவும், இறந்தவர் அன்று யாருக்காக, யார் சொல்லி உள்ளே இறங்கினார் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். உயிரோடிருக்கும்போது எழுதப்படாத பெயர் இறந்த பிறகு எப்படி எழுந்து வரும்?

அடுத்த முறை எங்காவது ஒரு நகரத்தில் தூய்மைப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள் என்று செய்தி படிக்கும்போது, குப்பை எப்போது அள்ளப்படும் என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பு. அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: இவர்களோடு நகரம் எழுதிக் கையொப்பமிட்ட தாள் எங்கே? அந்தத் தாள் இருக்கும் ஊரில் வேலைநிறுத்தங்கள் குறையும். இல்லாத ஊரில் எத்தனை நலத்திட்டங்கள் அறிவித்தாலும் நடைபாதை மீண்டும் நிரம்பும். தர்மபுரி எந்த ஊராக இருக்க வேண்டும் என்பதை ஆட்சியாளர்கள் மட்டும் முடிவு செய்ய விட்டுவிடாமல், வரி கட்டும் நாமும் கேட்டுத் தெரிந்து, சொல்லித் தீர்மானிப்போம்.